எஞ்ஞே கடிக்கும்

மில்டன் பெந்தான்கோருக்கு வயிற்றெரிச்சல் எப்போது ஆரம்பித்தது என்று கேட்டால் மணியோடு சொல்வான். மார்ச் மாதம், இரண்டாவது திங்கட்கிழமை, காலை ஒன்பதரை. அன்றைக்குத்தான் அலுவலக முதலாளி ஏபெர், பதினாறு வருஷமாக மில்டனின் மேசையைவிட்டு நகராத வெந்நீர் பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு போய், வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதமே ஆன அனாஹியின் மேசை மேல் வைத்தான்.

"இனிமே மாத்தே அனாஹி ஊத்தட்டும்பா. நீ ஊத்துறது பாத்திரம் கழுவின தண்ணி மாதிரி இருக்குன்னு பதினாறு வருஷமா எல்லாரும் வாயை மூடிக்கிட்டுக் குடிக்கிறாங்க" என்றான் ஏபெர்.

எல்லாரும் சிரித்தார்கள். மில்டனும் சிரித்தான். சிரிக்காமல் இருந்தால் பிளாஸ்க்குக்குப் போய்க் கோபித்துக்கொண்டவன் என்று பெயர் ஆகிவிடுமே. ஆனால் எல்லாரும் ஒரே குடுவையில் மாறி மாறி உறிஞ்சுகிற மாத்தே என்ற கசப்பு இலைக் கஷாயத்தை ஊற்றுகிற வேலை என்ன சும்மாவா? சுரைக்குடுவை முதலில் யார் கைக்குப் போக வேண்டும், அடுத்து யாருக்கு, வாய் ஓயாமல் பேசிக்கொண்டு குடுவையைப் பிடித்துவைத்திருக்கிறவனை எப்போது அதட்ட வேண்டும், எல்லாம் ஊற்றுகிறவன் ராஜ்ஜியம். அந்த ராஜ்ஜியத்தை ஏபெர் ஒரு சிரிப்பில் பிடுங்கிக் கொடுத்துவிட்டான். அதுவும் யாருக்கு? இருபத்தெட்டு வயதுப் பெண்ணுக்கு!

அதோடு விட்டானா? பார்சரும் போயிற்று.

தலைநகர் மொந்தேவிதேயோவில் ஒன்பது பேர் வேலை பார்க்கிற சின்ன இடம் அது. அவர்கள் செய்வது செருப்புப் பெட்டி அளவில் ஒரு கருவி. ஆஸ்பத்திரிகளில் ரத்தம் சோதிக்கிற இயந்திரம் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு வரி அனுப்பும்: பெயர், சோதனை, எண். பெட்டி அந்த வரியை எழுத்தெழுத்தாகப் படித்துப் பிரித்து, யாருக்கு எவ்வளவு என்று டாக்டரின் திரையில் காட்டும். படித்துப் பிரிக்கிற அந்தப் பகுதிதான் பார்சர். சி என்கிற கம்ப்யூட்டர் மொழியில் அதை எழுதியவன் மில்டன். நாட்டின் பாதி ஊர்களில் பதினாறு வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது.

அனாஹி வந்து ஐந்தே வாரத்தில் அதைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுப் புதிதாக எழுதிவிட்டாள். நீளம் மூன்றில் ஒரு பங்கு, வேகம் இரண்டு மடங்கு. ஏபெர் திரைக்கு முன்னால் நின்று தலையை ஆட்டி ஆட்டி ரசித்தான்.

"படிச்சுப் பாத்தியாடா மில்டன்? பாட்டு மாதிரி போவுது. உன்னோடது பாவம், கல்லு ரோட்டுல மாட்டுவண்டி."

"மாட்டுவண்டிதான் இத்தனை வருஷம் உனக்குச் சோறு போட்டுச்சு" என்றான் மில்டன்.

"யாரு இல்லைன்னா? மாட்டுக்கு ஓய்வு குடுப்போம்னுதான் சொல்றேன்."

மறுபடி எல்லாரும் சிரித்தார்கள். அனாஹி மட்டும் சிரிக்காமல் குடுவையில் வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவள் சிரித்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது மில்டனுக்கு. அதை வைத்தாவது அவளைத் திட்டலாம்.

மாதக் கடைசியில், இருபத்தொன்பதாம் தேதி வியாழக்கிழமை, துராஸ்னோ ஊர் ஆஸ்பத்திரியில் புதுப் பெட்டியின் துவக்க விழா. அதிகாரிகள் வருவார்கள், உள்ளூர் ரேடியோ வரும். அன்று நன்றாக ஓடினால் இன்னும் பதினொரு ஆஸ்பத்திரிகள் வாங்கும். பெட்டியை ஓட்டிக்காட்டப் போகிறவள் அனாஹி. அவளுக்கு வேலை நிரந்தரமாவதும் அன்றைக்கு நடப்பதைப் பொறுத்துத்தான். இது எல்லாருக்கும் தெரியும்.

அந்த அலுவலகத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒருவர் எழுதியதை இன்னொருவர் வரி விடாமல் படித்து, கீழே 'சரி' என்று போட்டுப் பெயரும் வைத்தால்தான் அது பெட்டிக்குள் போகும். அந்த இன்னொருவர் எப்போதும் மில்டன்தான். பிளாஸ்க்கைப் பிடுங்கிய ஏபெர் இதைப் பிடுங்க மறந்துவிட்டான்.

விழாவுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை காலை மில்டன் அனாஹியின் பார்சரைத் திறந்துவைத்து உட்கார்ந்தான். ஒளிக்க என்ன இருக்கிறது, தப்புக் கண்டுபிடிக்கத்தான் உட்கார்ந்தான். ஒரு மணி நேரம் ஒன்றும் அகப்படவில்லை. நன்றாகத்தான் எழுதியிருந்தாள், பாவி. படிக்கப் படிக்க, தனக்கு ஏன் இப்படித் தோன்றவில்லை என்று ஒவ்வொரு பத்தியும் அவனைக் கிள்ளியது. இருநூற்றுப் பன்னிரண்டாவது வரிக்கு வந்தபோது கை நின்றது. நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டு இன்னொரு தரம் படித்தான். அப்புறம் அவன் முகத்தில் வந்த சந்தோஷத்தை அவன் அம்மா பார்த்திருந்தால்கூட வெட்கப்பட்டிருப்பாள்.

விஷயம் இதுதான். சி மொழியில் ஓர் எழுத்தை வைத்துக்கொள்ள 'கேர்' என்று ஒரு வகை உண்டு. அதில் இருநூற்றைம்பத்தாறு எண்களுக்கு இடம். அவை பூஜ்யத்தில் தொடங்கி இருநூற்றைம்பத்தைந்து வரை போகுமா, அல்லது பாதி பேர் மைனஸ் பக்கம் போய் உட்காருவார்களா என்று கேட்டால் மொழி கையை விரித்துவிடும். பெட்டிக்குள் இருக்கிற சில்லுக்குச் சில்லு அது வேறு. முதல் மாதிரிக்கு அன்சைன்டு என்று பெயர், இரண்டாவதற்கு சைன்டு. வெறும் ஆங்கில எழுத்துகளோடு பிழைக்கிறவனுக்கு இது எப்படி இருந்தாலும் ஒன்றுதான். அவனுடைய எழுத்துகள் எல்லாம் நூற்றிருபத்தேழுக்குள் அடங்கிவிடும். மாட்டிக்கொள்வது நம்மைப் போல ஸ்பானிஷ் எழுதுகிறவர்கள்தான். தலையில் நெளிகோடு வைத்து 'ஞ' என்று ஒலிக்கிற நம்முடைய எஞ்ஞே இருக்கிறதே, ஊரில் பாதிப் பேர் பெயரில் வருகிற எழுத்து, அதன் எண் இருநூற்று நாற்பத்தொன்று. அன்சைன்டு சில்லில் அது இருநூற்று நாற்பத்தொன்றாகவே இருக்கும். சைன்டு சில்லில் அதே எழுத்து மைனஸ் பதினைந்து ஆகிவிடும்.

அனாஹி எழுத்துகளுக்கென்று ஓர் அட்டவணை வைத்திருந்தாள். இருநூற்றைம்பத்தாறு வீடுகள் கொண்ட தெரு என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுத்து தன் எண் போட்ட கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து பதில் வரும்: இது பெயரின் பகுதி, இது இலக்கம், இங்கே வரி முடிகிறது. இருநூற்று நாற்பத்தொன்றாம் கதவு தெருவில் இருக்கிறது. மைனஸ் பதினைந்தாம் கதவுக்கு எங்கே போவது? தெருவுக்கு வெளியே எவன் வீடோ அங்கே இருக்கும், அவன் வாய்க்கு வந்ததைச் சொல்வான், பார்சரும் அதை நம்பிக்கொண்டு போகும். தட்டுவதற்கு முன்னால் 'அன்சைன்டு' என்று மாற்றிக்கொண்டால் போதும். அந்த ஒரு சொல்லைத்தான் அவள் இருநூற்றுப் பன்னிரண்டாவது வரியில் விட்டிருந்தாள்.

பல வருஷமாக வாங்கிவந்த பெட்டிகளில் இருந்த சில்லு அன்சைன்டு ஜாதி. அதனால் அவள் மேசையில் எல்லாம் சரியாக ஓடியது. துராஸ்னோவுக்கென்று வாங்கிய புதுப் பெட்டியில் இருப்பதோ சைன்டு ஜாதி. வாங்கியவன் மில்டன், அவனுக்குத் தெரியாதா?

மதியம் எல்லாரும் சாப்பிடப் போனபோது அவன் சாமான் அறைக்குப் போய்ப் புதுப் பெட்டி ஒன்றைப் பிரித்து, பார்சரை ஏற்றி, எஞ்ஞே உள்ள ஒரு பெயரைக் கொடுத்துப் பார்த்தான். பெயர் பாதியில் அறுந்தது. அந்த ஆளுக்கு உரிய எண் அப்படியே மேலே நழுவி, முந்தைய வரியில் இருந்தவருக்குப் போய் ஒட்டிக்கொண்டது. திரையில் எந்தப் பிழைச் செய்தியும் வரவில்லை. பெட்டியைப் பழையபடி அட்டைக்குள் வைத்து ஒட்டுநாடா போட்டு மூடினான்.

அப்படியானால் அலுவலகத்தின் சோதனைப் பட்டியல் ஏன் இதைப் பிடிக்கவில்லை? அதை எழுதியவனும் மில்டன்தான். நாற்பது பெயர்கள், ஒன்றில்கூட எஞ்ஞே கிடையாது, உயிரெழுத்துக்கு மேலே ஒரு கீற்றுக் கிடையாது. நம் ஊரில் கம்ப்யூட்டர் பழகின எல்லாருக்கும் அந்தக் கைப்பழக்கம் வந்துவிட்டது. எஞ்ஞேயைக் கண்டால் இயந்திரம் குப்பையைக் கக்கிய காலத்தில் பழகியது, இன்றைக்கும் விசைப்பலகையில் கை வைத்தால் எல்லாரையும் நெளிகோடு இல்லாமல் மொட்டையடித்துத்தான் எழுதுவார்கள். அந்த மொட்டைப் பெயர்களைக் கொடுத்தால் எந்தச் சில்லிலும் எந்தப் பார்சரும் தேறிவிடும்.

மாலை நாலு மணிக்கு மில்டன், அனாஹி எழுதியதன் கீழே 'சரி. மி. பெ.' என்று போட்டான். போட்டுவிட்டு எழுந்து போய், இரண்டு வாரத்தில் முதல் தடவையாக அவள் கையால் ஒரு மாத்தே வாங்கிக் குடித்தான். இனித்தது.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவனுக்குக் கால் தரையில் படவில்லை. மனசு குறுக்கே வந்து ஏதாவது கேட்டால் பதில் தயாராக வைத்திருந்தான். விழாதானே? விழாவுக்கென்று ஏபெர் எஞ்ஞேயும் கீற்றுமாக எழுதிவைத்திருக்கிற பொம்மைப் பெயர்களைக் கொடுத்துக் காட்டப் போகிறார்கள். ரேடியோக்காரன் முன்னால் நாலு பெயர் கிழிந்து தொங்கும், அவள் முகம் சிவக்கும், ஏபெர் என் பக்கம் திரும்பி, 'மில்டன், கொஞ்சம் பாரேன்' என்பான். நான் ஒரு நிமிஷத்தில் சரிசெய்வேன். யாருக்கு என்ன நஷ்டம்? ஏபெர் அந்த 'கொஞ்சம் பாரேன்' சொல்லப் போகிற குரலைக்கூட அவன் காதில் கேட்டுக் கேட்டு மகிழ்ந்தான்.

புதன்கிழமை மதியம் அனாஹி அவன் மேசைக்கு வந்து நின்றாள்.

"மில்டன், நாளைக்குத் துராஸ்னோ. என் பார்சர்ல எதுவும் விட்டுப்போகலையே? நீங்க வரி விடாம படிச்சீங்கல்ல?"

"படிச்சேனே."

"ஒண்ணுமே தோணலையா? சும்மா சின்னதா ஏதாவது?"

மில்டன் தலை நிமிராமல் சொன்னான். "சுத்தமா இருக்கு. ஏபெர்தான் சொல்லிட்டானே, பாட்டு மாதிரின்னு. பாட்டுல நான் என்னத்தைத் திருத்துறது?"

அவள் இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். பயந்துபோயிருக்கிறாள் என்று எண்ணி மில்டன் உள்ளுக்குள் சப்புக்கொட்டினான்.

வியாழக்கிழமை காலை ஏபெரின் வேனில் மூன்று பேரும் போனார்கள். துராஸ்னோ ஆஸ்பத்திரியின் ரத்தச் சோதனைக் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு வைத்திருந்தார்கள். அந்தக் கூடத்துக்குத் தலைமை டாக்டர் சுல்மா, ஐம்பது வயது, குரல் மட்டும் ஊர்வலத்துக்கு முன்னால் போகிறவள் குரல்.

அனாஹி பெட்டியை இணைத்து முடித்ததும் ஏபெர், "மாதிரிப் பேரெல்லாம் கொண்டாந்திருக்கோம் டாக்டர், அதை ஓட்டிக் காட்டிடலாமா?" என்றான்.

"பொம்மைப் பேரெல்லாம் எனக்கு எதுக்குங்க?" என்றாள் சுல்மா. "காலைல ஏழு மணியிலேருந்து ரத்தம் எடுத்து வெச்சிருக்கேன். அதையே ஓட்டுங்க. ஓடுச்சுன்னா எனக்கும் வேலை முடிஞ்ச மாதிரி. பழைய பெட்டியை நேத்தே கழட்டியாச்சு."

மில்டன் மேசை மேல் இருந்த ரத்தக் குப்பிகளைப் பார்த்தான். மெய்யான ஆட்கள். மெய்யான ரத்தம். பழைய பெட்டியும் இல்லை. இப்போதாவது சொல்லிவிட வேண்டும். 'ஒரு நிமிஷம்' என்று சொன்னால் போதும். வாயைத் திறக்கக்கூடத் திறந்தான்.

அந்த நேரம் பார்த்து ஏபெர் அனாஹியின் தோளில் கை வைத்து, ரேடியோக்காரனிடம் சொன்னான்: "எங்க ஆபீஸ்லேயே மூளைன்னா இதுதான் சார். இந்தப் பொண்ணு வந்தப்புறந்தான் எங்களுக்கு வெளிச்சமே வந்துச்சு."

வெளிச்சமாமே! அப்படியானால் பதினாறு வருஷம் இருட்டிலா உட்கார்ந்திருந்தாய்? மில்டன் வாயை மூடிக்கொண்டான். கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் சாய்ந்தான்.

இயந்திரம் முனகியது. திரையில் பெயர்கள் அகர வரிசையில் ஒவ்வொன்றாக வந்தன. மில்டன் 'ஒ'வுக்குக் காத்திருந்தான், ஏனென்றால் மேசை மேல் கிடந்த தாளில் எஞ்ஞே உள்ள முதல் பெயர் அங்கேதான் இருந்தது. ஒலிவேரா, பொட்டாசியம் நான்கு புள்ளி இரண்டு. அடுத்தது, ஒர்தோஞெஸ், எல்விரா. எஞ்ஞே தலையில் நெளிகோட்டோடு ஜம்மென்று வந்து நின்றது. பெயர் அறவில்லை. எண் நழுவவில்லை. அதற்குக் கீழே பேஞா, அதுவும் முழுசு.

மில்டனுக்கு முதலில் வந்தது ஏமாற்றம். அதை மறைத்து என்ன ஆகப் போகிறது? எப்படி? எப்படி ஓடுகிறது இது? என்று அவன் மனசு கத்தியது. வெறும் எரிச்சல், கண்ணை மறைக்கிற எரிச்சல்.

அப்போது சுல்மா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

"ஏழு புள்ளி ஒண்ணா? பொட்டாசியமா? யாரு இந்த எல்விரா ஒர்தோஞெஸ்? வெளியில இருக்காங்களா, வீட்டுக்குப் போயிட்டாங்களா?"

தாழ்வாரத்து பெஞ்சில் எழுபது வயதுக் கிழவி ஒருத்தி, சாப்பிடக்கூடாது என்று சொல்லியிருந்தும் பையிலிருந்து ரொட்டியை எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"நான்தாம்மா. ஒரே ஒரு துண்டுதான் தின்னேன், திட்டாதே" என்றாள். "ரெண்டு நாளா காலு ரெண்டும் துணி மாதிரி தொவளுது. அதான் வந்தேன். வீட்டுக்குப் போகலாமா?"

"எங்கேயும் போக வேணாம். எழுந்திருக்கவே வேணாம். சக்கர நாற்காலியைக் கொண்டாங்க, ஓடுங்க!" என்று சுல்மா கத்தினாள். இரண்டு பேர் ஓடினார்கள். கிழவியை உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போனபோது அவள் மடியிலிருந்த ரொட்டிப் பை தாழ்வாரத்தில் விழுந்தது.

மில்டன்தான் அதைக் குனிந்து எடுத்தான். கையில் வைத்துக்கொண்டு நின்றான். நான் ஆசைப்பட்டபடி நடந்திருந்தால் அந்த ஏழு புள்ளி ஒன்று ஒலிவேராவின் பெயரில் போய் உட்கார்ந்திருக்கும். ஒலிவேராவைத் தேடி ஓடியிருப்பார்கள். இந்தக் கிழவி ரொட்டியைத் தின்று முடித்துவிட்டு பஸ் ஏறி வீட்டுக்குப் போயிருப்பாள். பையைப் பெஞ்சின் மேல் வைத்தான்.

மாதத்தின் இருபத்தொன்பதாம் தேதி என்றால் இந்த நாட்டில் எல்லார் வீட்டிலும் ஞோக்கிதான். ஆஸ்பத்திரிச் சாப்பாட்டுக்கூடத்திலும் பெரிய அண்டாவில் உருளைக்கிழங்கு உருண்டைகள் குழம்பில் மிதந்தன. எல்லாரும் உட்கார்ந்ததும் ஏபெர் கிளாஸோடு எழுந்து நின்றான்.

"ஒரு விஷயம் சொல்லணும். செவ்வாய்க்கிழமை இந்தப் புதுப் பெட்டி எஞ்ஞே உள்ள பேரையெல்லாம் கடிச்சுத் துப்பிச்சு. ஒருத்தர் ரிசல்ட் இன்னொருத்தருக்குப் போச்சு. எனக்கு அப்ப சொல்லலை, காலைல வண்டி ஏறுறதுக்கு முன்னாடிதான் அனாஹி சொன்னா. அதைக் கண்டுபிடிச்சது யாரு தெரியுமா? நான் மாட்டுவண்டின்னு கிண்டல் பண்ணினேனே, இவன்தான்! மில்டன் சொல்லித்தான் அவ திருத்துனாளாம். டேய், என்னை மன்னிச்சுருடா!"

எல்லாரும் கைதட்டினார்கள். கதவருகே அப்போதுதான் வந்து நின்ற சுல்மா நேராக மில்டனிடம் வந்து, அவன் கன்னத்தில் அழுத்தி முத்தம் கொடுத்தாள்.

"அந்தம்மாவுக்கு இதயத் துடிப்பே மாற ஆரம்பிச்சிருச்சு. மருந்து ஏத்தியாச்சு, தப்பிச்சுட்டாங்க. வீட்டுக்குப் போயிருந்தா அவ்வளவுதான். உங்க கைக்குத்தான் நான் முத்தம் குடுக்கணும்" என்றாள்.

எதிரில் அனாஹி தலையைக் குனிந்து ஞோக்கியை முள்கரண்டியால் இரண்டாக வெட்டிக்கொண்டிருந்தாள். கைதட்டல் நின்றது. அவன் உட்கார்ந்தே இருந்தான்.

கொஞ்ச நேரம் கழித்துப் பின்பக்கத்து முற்றத்துக்குப் போனான். அங்கே ஆரஞ்சு மரத்தடியில் ஒரு சிமெண்ட் திட்டு. பின்னாலேயே அனாஹி பிளாஸ்க்கோடு வந்து உட்கார்ந்தாள்.

"ஏன் என் பேரைச் சொன்னே?" என்று கேட்டான்.

"நீங்க என்ன செய்யறீங்கன்னு பாக்கத்தான்."

"என்ன?"

"கைதட்டுனா எழுந்து, 'நான் இல்லைங்க'ன்னு சொல்றீங்களான்னு பாத்தேன். சொல்லலை. முத்தம் வேற வாங்கிக்கிட்டீங்க."

மில்டன் மரத்தைப் பார்த்தான். "நான் அந்த வரியைக் கவனிக்கலை, அனாஹி. வயசாச்சு. கண்ணுல படாம போயிருக்கும்."

அவள் சட்டைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்துப் பிரித்தாள். அவனுடைய பழைய பார்சரின் ஒரு பக்கம். நடுவில், அவனே பதினாறு வருஷத்துக்கு முன் எழுதிவைத்த குறிப்பு. அவள் உரக்கப் படித்தாள்.

"'இங்கே இருக்கிற அன்சைன்டை எவனும் எடுக்காதே. எடுத்தால் எஞ்ஞே கடிக்கும். தக்வாரெம்போ ஆஸ்பத்திரியில் என்னைக் கடித்தது. மி. பெ.' இந்த மி. பெ. யாருங்க? உங்க சித்தப்பாவா?"

மில்டன் தாளுக்குக் கை நீட்டினான், அவள் கொடுக்கவில்லை.

"செவ்வாய்க்கிழமை டாக்டர் நிஜப் பட்டியல் அனுப்புனாங்க. புதுப் பெட்டில ஓட்டுனேன், எல்லாம் கந்தல். என்னடான்னு உங்க பழசைத் திறந்து பாத்தா இது கிடக்குது. இதை எழுதின மனுஷன் கண்ணுக்கு என் வரி படலைன்னா நான் நம்பணுமா? அப்புறம் சாமான் அறைல பெட்டியைப் பாத்தேன். ஒட்டுநாடா புதுசு." அவள் பிளாஸ்க் மூடியை இறுக்கித் திருகினாள். "அதனாலதான் நேத்து வந்து கேட்டேன். ரெண்டு தடவை கேட்டேன், மில்டன்."

"பொறாமை" என்றான் அவன். வேறு சொல் வரவில்லை. "நீ வந்த நாள்லேருந்து எரியுது. உன் முகத்தைப் பாத்தா எரியுது, நீ எழுதினதைப் படிச்சா இன்னும் எரியுது. ஏபெர் உன்னைப் பாக்குற மாதிரி என்னை ஒருநாளும் பாத்ததில்லை."

அனாஹி சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை. "எனக்கு மட்டும் எரியலைன்னு நெனைச்சீங்களா? சேர்ந்த முதல் நாளே ஏபெர் சொன்னார், 'மில்டன் எழுதினதுல இத்தனை வருஷத்துல ஒரு தப்பு கிடையாது, அவன் மாதிரி எழுதப் பழகிக்கோ'ன்னு. மூணு வாரம் உங்களோடதைத் தோண்டினேன். ஒண்ணே ஒண்ணு கிடைச்சிருந்தாலும் பேனர் கட்டி மாட்டியிருப்பேன். கிடைக்கலை. அந்தக் கோபத்துலதான் உங்க குறிப்பு ஒண்ணையும் படிக்காம மொத்தத்தையும் தூக்கிப் போட்டுட்டுப் புதுசா எழுதினேன். படிச்சிருந்தா இந்தத் தப்பு வந்திருக்குமா? அதனால தப்பு என்னோடது. அதை ஏபெர்கிட்ட நான் சொல்லிக்கிறேன். ஆனா அந்த 'சரி' இருக்கே, அது உங்களோடது."

தாளை அவன் மடியில் வைத்துவிட்டு பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஒரு தப்பு கிடையாது என்று ஏபெர் சொன்னானாமே! முதுகுக்குப் பின்னால் சொன்னானாமே, படுபாவி, ஒரு நாளாவது முகத்துக்கு நேரே சொல்லியிருக்கக் கூடாதா? மில்டனுக்கு அழுகை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சாப்பாட்டுக்கூடத்துக்குள் போனான். ஏபெரும் சுல்மாவும் இன்னும் மேசையில்தான் இருந்தார்கள்.

"ஏபெர், நான் கண்டுபிடிக்கலைடா" என்றான். "இல்லை, கண்டுபிடிச்சேன். வெள்ளிக்கிழமையே கண்டுபிடிச்சேன். புதுப் பெட்டியில ஓட்டிக்கூடப் பாத்தேன். எண்ணு முந்தின ஆளுக்குப் போறதை இந்தக் கண்ணால பாத்துட்டுத்தான் 'சரி'ன்னு போட்டேன். அனாஹி மூக்கு உடையட்டும்னு. திருத்துனது நான் இல்லை, அவதான்."

மில்டன் வேடிக்கை பேசுகிறான் என்று நினைத்து ஏபெர் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினான். "காலைல டாக்டர் நிஜ ரத்தத்தை ஓட்டுங்கன்னு சொன்னப்ப நீ அங்கதானே நின்னே?"

"அங்கதான் நின்னேன்."

"அப்பவும் சொல்லலையா?"

"சொல்லலை."

சுல்மா எழுந்தாள். மில்டனைப் பார்த்தாள். கையின் பின்பக்கத்தால் தன் உதட்டைத் துடைத்துக்கொண்டு நோயாளியைப் பார்க்கப் போனாள்.

ஏபெர் தட்டைத் தள்ளி வைத்தான். பிறகு சொன்னான். "வேலையை விட்டு உன்னை அனுப்ப எனக்கு மனசு வராது. ஆனா இனிமே நீ யாருக்கும் 'சரி' போட வேணாம். நீ எழுதுறதுக்கு அனாஹி போடுவா. திங்கக்கிழமை அந்தச் சோதனைப் பட்டியலை மொதல்ல எடுத்து எஞ்ஞேயோட எழுதிக் குடு. அதையும் அவ பாக்கட்டும்."

"சரி" என்றான் மில்டன். அந்தச் சொல் வாயில் வரும்போதே கூசியது.

மாலையில் வேன் மொந்தேவிதேயோவுக்குத் திரும்பியது. சாரண்டி ஊர் தாண்டியதும் அனாஹி குடுவையில் இலையைப் போட்டு வெந்நீர் ஊற்றினாள். வழக்கப்படி முதல் கசப்பை அவளே குடித்தாள். அடுத்தது ஓட்டிக்கொண்டிருந்த ஏபெருக்கு. மூன்றாவதை நிரப்பி, பின்சீட்டில் இருந்த மில்டன் பக்கம் திரும்பிப் பார்க்காமலே நீட்டினாள்.

அவன் வாங்கிக்கொண்டான். உறிகுழாயைச் சுற்றி நுரை கெட்டியாக, வழியாமல் நின்றது. வேன் இவ்வளவு குலுங்கியும் கலையவில்லை; தேர்ந்த கைக்குத்தான் மாத்தேயில் அப்படி நிற்கும். பதினாறு வருஷத்தில் ஒரு நாளாவது தனக்கு இப்படி நுரை நின்றதுண்டா என்று யோசித்தான். இல்லை. சுருக்கென்றது. எல்லாம் நடந்து முடிந்த பிறகும், மறுபடி அதே இடத்தில் சுருக்கென்றது. மில்டன் குழாயில் வாய் வைத்து, கடைசிச் சொட்டு வரை உறிஞ்சி, குடுவையை அவள் கையில் திருப்பிக் கொடுத்தான்.